தோற்றவர்க்கும் ஒரு வாயில்

சென்ற பருவத்தில் நடந்த வளாகக் கால்பந்துப் போட்டியில் நம் சங்கத்து அணி முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியது நண்பர்கள் அறிந்ததே. ஆறு வாரப் பயிற்சி. அறுபது நிமிட ஆட்டம். அத்துடன் அவ்வாண்டுக்கு முற்றுப்புள்ளி. அன்றிரவு உணவுக்கூடத்தில் முதலாண்டு மாணவத் தம்பி ஒருவன் என்னிடம், "அண்ணா, தோற்பதற்கென்றே அடுத்த ஆண்டும் போகவேண்டுமா?" என்று கேட்டான். நெல்லைச் சீமையிலிருந்து வந்து, மொழி புரியாத இவ்வூரில் காலூன்ற முயல்பவன் அவன். மறுநாள் முதல் திடலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அன்று அவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. இன்று கூற முயல்கிறேன்.

விடையை நான் கண்ட இடம் அயர்லாந்து. ஏன் அயர்லாந்து என்று வியக்க வேண்டா. சிறிய நாட்டின் சிறிய கழகங்கள், தம்மினும் பன்மடங்கு பெரிய கழகங்களோடு மோதிய வரலாறு அது. வெற்றியும் தோல்வியும் எண்களாகப் பதிவாகியிருப்பதால், அறிவியல் மாணவன் ஆராய்வதற்கும் ஏற்றது.

முதலில் இரு முறைகளின் வேறுபாட்டை அறிவோம். விலக்கு முறையில் தோற்றவர் உடனே வெளியேறுவர். குழு முறையிலோ நான்கு கழகங்கள் ஒரு குழுவாகும். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் தன் ஊரில் ஒருமுறை, அவர் ஊரில் ஒருமுறை ஆடும். ஆக ஆறு ஆட்டங்கள் உறுதி. வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி.

இங்கே சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று எனக் கொள்வோம். ஆட்டங்கள் ஒன்றையொன்று பாதியா எனவும் கொள்வோம். விலக்கு முறையில் அவ்வணி ஒரு வெற்றியேனும் காணும் வாய்ப்பு அந்த ஐந்தில் ஒன்றே. ஆறு ஆட்டங்கள் கிடைத்தால், ஆறிலும் வெல்லாமற் போகும் வாய்ப்பு 0.8-ஐ ஆறுமுறை பெருக்கிய தொகை, அதாவது 0.26. எனவே ஒரு வெற்றியேனும் பெறும் வாய்ப்பு 0.74. ஆள் மாறவில்லை; திறமை மாறவில்லை; முறை மட்டுமே மாறியது!

இனி வரலாற்றைக் காண்போம். ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய முதல் அயர்லாந்துக் குடியரசுக் கழகம் டப்ளின் நகரத்து ஷாம்ராக் ரோவர்ஸ். 1957-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை எதிர்கொண்டு, தன் ஊரில் 0-6, அவர் ஊரில் 2-3 என்று தோற்றது. கோப்பை அத்துடன் முடிந்தது. பின் வந்த ஆண்டுகளிலும் இதே கதைதான். நன்கு ஆடியவரும் உண்டு. 2004-இல் ஷெல்போர்ன் கழகம் ஸ்பெயினின் டெப்போர்ட்டிவோ லா கொருன்யாவை டப்ளினில் 0-0 என்று தடுத்து நிறுத்தியது. மறு ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றது. குழுச் சுற்றின் வாயிற்படி வரை சென்று திரும்பியது.

அந்த வாயில் திறந்தது 2011-இல். யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில், டப்ளினில் 1-1 என ஆடிவிட்டு, செர்பியாவின் பார்ட்டிசான் கழகத்தை எதிர்த்து ரோவர்ஸ் பெல்கிரேடு சென்றது. முதல் கோல் பார்ட்டிசானுக்கு. பிறகு பாட் சலிவன் வெகுதொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் பாய்ந்தது. கூடுதல் நேரத்தில் ஸ்டீஃபன் ஓடானல் பெனால்டியில் வெற்றிக் கோலை அடித்தார். குழுச் சுற்றை எட்டிய முதல் அயர்லாந்துக் கழகம் என்ற பெயர் ரோவர்சுக்குக் கிட்டியது.

குழுவில் நடந்தது என்ன? டாட்டன்ஹாம், ரூபின் கசான், பாவோக் ஆகிய மூன்றோடும் ஆறு ஆட்டங்கள், ஆறிலும் தோல்வி. அடித்தவை 4, வாங்கியவை 19. இலண்டனில் டாட்டன்ஹாமுக்கு எதிராக ஸ்டீஃபன் ரைஸ் கோலடித்துச் சிறிது நேரம் முன்னிலை தந்தார். பின் மூன்று கோல்கள் வாங்கினர். புள்ளி சுழியம்.

"பார்த்தீரா! தம்பி கேட்டதும் இதுதானே?" என்பீர்கள். பொறுங்கள். ஐந்து ஆண்டுகள் கடந்து 2016-க்கு வருவோம். டண்டாக் என்னும் சிற்றூர்க் கழகம் யூரோப்பா லீக் குழுவிலே நின்றது. அதன் அணித்தலைவர் யார்? பெல்கிரேடில் பெனால்டி அடித்த அதே ஓடானல்! 2011-இல் ரோவர்சுக்கு ஆடிய ரோனன் ஃபின் என்பவரும் அவ்வணியில் இருந்தார். முதல் ஆட்டம் நெதர்லாந்தில், ஏ.இசட். ஆல்க்மாரோடு. கியரன் கில்டஃப் கடைசி நிமிடங்களில் அடித்த கோலால் 1-1. அயர்லாந்துக் கழகம் குழுச் சுற்றில் பெற்ற முதல் புள்ளி அது. இரு வாரங்கள் கழித்து மக்காபி டெல் அவீவை 1-0 என வென்றனர். அடித்தவர் அதே கில்டஃப். அது முதல் வெற்றி. தம் சொந்தத் திடல் விதிகளுக்குப் போதாமையால், டப்ளினை அடுத்த டாலா அரங்கில் ஆடிப் பெற்ற வெற்றி! எஞ்சிய நான்கிலும் தோற்றாலும் இறுதியில் 4 புள்ளிகள் இருந்தன.

தோல்வி ஆளை விட்டுப் போவதில்லை. அது தந்த பயிற்சியும் போவதில்லை. ரோனன் ஃபின் 2022-இல் மீண்டும் ரோவர்ஸ் அணியில் குழுச் சுற்றைக் கண்டார் என்பதையும் குறித்துக்கொள்க.

ஆயினும் எனக்குச் சாதகமானதை மட்டும் காட்டுவது அறிவியல் ஆகாது. வளர்ச்சி நேர்க்கோடாக அமையவில்லை. 2020-இல் டண்டாக் மீண்டும் குழுவுக்குச் சென்று, ஆர்சனல், மோல்டெ, ராப்பிட் வியன்னா ஆகிய மூன்றிடமும் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. 2022-இல் ரோவர்ஸ் ஒரே கோல் அடித்து 2 புள்ளிகள் மட்டும் பெற்றது. அந்தப் போட்டியும் 2021-இல் தொடங்கிய கான்ஃபரன்ஸ் லீக். ஐரோப்பியப் போட்டிகளில் மூன்றாம் படியினது. யூரோப்பா லீகோடு அதனை ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. ஆனால் நுழைவுத் தொகையாக மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் யூரோ கிடைத்தது. சிறு கழகம் ஒன்றுக்கு அது வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் வழியாகும்.

2024-இல் குழுக்களை எடுத்துவிட்டு, 36 கழகங்களை ஒரே பட்டியலில் வைத்தனர். ஆட்டங்கள் ஆறு, எதிரிகள் ஆறு பேர். ரோவர்ஸ் மூன்றில் வென்று, இரண்டில் சமன்செய்து, செல்சியிடம் மட்டும் 1-5 எனத் தோற்றது. 11 புள்ளிகளோடு பத்தாம் இடம்! 2025 பிப்ரவரியில் நார்வே சென்று மோல்டெயை 1-0 என வீழ்த்தியது. கோலடித்த மைக்கேல் நூனனுக்கு வயது 16. மறு ஆட்டத்தில் 0-1 எனத் தோற்று, பெனால்டியில் வெளியேறியது. 2011-இன் சுழியத்தையும் இந்தப் பதினொன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இப்பொழுது என் கட்டுரையின் உயிரான செய்திக்கு வருகிறேன். 2011 முதல் 2025 வரை அயர்லாந்துக் குடியரசின் லீக் கழகங்கள் இச்சுற்றுக்குள் நுழைந்தது ஏழு முறை: ரோவர்ஸ் நான்கு, டண்டாக் இரண்டு, ஷெல்போர்ன் ஒன்று. இவ்வேழில் ஆறு, அதே ஆண்டுத் தகுதிச் சுற்றில் எங்கேனும் ஒருமுறையாவது தோற்ற பின் நுழைந்தவை! 2011-இல் ரோவர்ஸ் கோபன்ஹேகனிடம் தோற்றது. 2016-இல் டண்டாக் லெகியா வார்சாவிடம் தோற்றது. 2022-இல் ரோவர்ஸ் இருமுறை தோற்றது. முதலில் பல்கேரியாவின் லுடோகொரெட்ஸ், பிறகு ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஷ். மேலைப் போட்டியில் தோற்றவரைக் கீழைப் போட்டியில் ஆடவிடும் விதி இருந்தமையால்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். எந்தச் சுற்றிலும் தோற்று வெளியேறாமல் நுழைந்தது 2025-இல் ரோவர்ஸ் மட்டுமே. மற்ற ஆறுமுறையும் தோற்றோர் வாயில் திறந்திருக்க வேண்டியிருந்தது. வீரம் வேண்டும், ஐயமில்லை. அவ்வீரம் மறுபடி களம் காண விதியும் இடந்தர வேண்டும்.

நண்பர்களே! நம் வளாகப் போட்டியில் எட்டு அணிகள். விலக்கு முறையில் மொத்தம் 7 ஆட்டங்கள். நால்வர் கொண்ட இரு குழுக்களாக்கினால், குழு ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1, ஆக 15. கூடுதலாக வேண்டுவன எட்டு மாலைப்பொழுதுகளே. ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டங்கள் உறுதியாகும். முன்சொன்ன கணக்கின்படி, ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புடைய அணியும் ஒரு வெற்றியேனும் காண ஏறக்குறையப் பாதி வாய்ப்பு உண்டு. இக்கோரிக்கையை எழுதி விளையாட்டுக் குழுவிடம் தர இருக்கிறேன். கையொப்பத் தாள் சங்க அறையில் உள்ளது. மற்ற அணிகளின் நண்பர்களையும் அழைத்து வாருங்கள்.

தம்பிக்கு என் விடை இது: தோற்பதற்கென்று யாரும் போவதில்லை, அடுத்த ஆட்டமும் உண்டு என்று தெரிந்தால் தோற்றவனும் பயிற்சிக்கு வருவான். அந்த அடுத்த ஆட்டத்தைப் பெற்றுத் தருவது மூத்தவர்களாகிய எங்கள் கடமை. சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் திடலில் பந்தோடு காத்திருப்பேன். நீ வா, தம்பி.