பட்டனை அழுத்தும் முன்பே சேமித்துவிடுகிறது!

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடி பைத்தான் பழகி வருகிறேன். அப்பாவின் மளிகைக் கடையில் பாக்கி நோட்டுக்குப் பதிலாக ஒரு புரோகிராம் எழுதித் தரலாம் என்று ஆரம்பித்தேன். ‘வாடிக்கையாளர்’ என்று ஒரு கிளாஸ், டிகிண்டரில் ஒரு விண்டோ. நான்கு இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஒருவர் பெயரில் எழுதும் பாக்கி விவரம் எல்லோருடைய பட்டியலிலும் வந்துவிடுகிறது. ஆனால் மொத்தத் தொகை மட்டும் அவரவருக்குச் சரியாகவே இருக்கிறது! ‘சேமி’ பட்டன், விண்டோ திறக்கும்போதே தானாகச் சேமித்துவிடுகிறது. பிறகு அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. வாடிக்கையாளர்களின் பெயர்களை லூப் போட்டுப் பட்டன்களாக்கினேன். எந்தப் பெயரை அழுத்தினாலும் கடைசிப் பெயரின் கணக்கே திறக்கிறது. ‘சேமித்தாயிற்று’ என்று ஐந்து நொடி காட்டிவிட்டு அழிக்க ஸ்லீப் போட்டேன். விண்டோ உறைந்துவிடுகிறது, செய்தியும் கண்ணில் படுவதில்லை.

தெரிந்தவர்களிடம் கேட்டால் முழுப் புரோகிராமையும் மாற்றி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஓடுகிறது, ஆனால் ஏன் என்று புரியவில்லை. டிகிண்டரை விட்டுவிட்டு வேறு ஏதாவது கற்க வேண்டுமா, ஐயா?

– வாசகி, விருத்தாசலம்

பதில்: வேண்டாம். டிகிண்டரை மாற்றினாலும் இந்த நான்கும் உங்கள் கூடவே வரும். நான்கு இடத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் எழுதிய இந்த வரி எப்போது ஓடுகிறது? எழுதிய இடத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. சில வரிகள் கோப்பைத் திறந்ததும் ஒரே ஒரு முறை ஓடும். சில, ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போதும் ஓடும். சில, யாராவது பட்டனை அழுத்தினால்தான் ஓடும். இந்த மூன்று நேரங்களும் குழம்பியதால்தான் உங்கள் கடைக் கணக்கும் குழம்பியிருக்கிறது.

முதல் கோளாறுதான் இருப்பதிலேயே சுவையானது. மொத்தம் சரி, பட்டியல் தவறு என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு தகவலே போதும், புரோகிராமைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கிளாஸ் என்ற வரிக்குக் கீழே நேரடியாக ‘மொத்தம் = 0’ என்றும், ‘பாக்கிகள் = [ ]’ என்றும் எழுதியிருப்பீர்கள். கிளாஸின் உடம்பில் நேரடியாக எழுதிய வரிகள், அந்த கிளாஸைப் பைத்தான் படிக்கும்போது ஒரே ஒரு தடவை ஓடும். ஆகவே உருவாகும் லிஸ்ட்டும் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் நூறு வாடிக்கையாளர்களை உருவாக்கினாலும் நூறு பேரும் அந்த ஒரே லிஸ்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் மொத்தம் மட்டும் ஏன் கலக்கவில்லை? அதுவும் தொடக்கத்தில் பொதுச் சொத்துதான். ஆனால் ‘செல்ஃப்.மொத்தம் += 250’ என்று எழுதும்போது பைத்தான் செய்வது இதுதான்: பொதுவில் இருக்கும் 0-ஐ எடுக்கிறது, 250-ஐக் கூட்டுகிறது, கிடைத்த புதிய எண்ணை அந்த ஒரு ஆப்ஜெக்டின் மேல் எழுதி வைக்கிறது. அந்த நொடியிலிருந்து அவருக்குத் தனி மொத்தம் வந்துவிடுகிறது. பட்டியலுக்கு நீங்கள் போட்டது அப்பெண்ட். அது புதிதாக எதையும் உருவாக்காது. இருக்கிற லிஸ்ட்டின் வாலில் இன்னொன்றைச் சேர்க்கும். இருக்கிறதோ ஒரே லிஸ்ட். அதனால்தான் மேலத்தெருக்காரர் வாங்கிய துவரம் பருப்பு, பள்ளிக்கூட வாத்தியார் கணக்கிலும் ஏறிவிட்டது.

திருத்தம் சிறியது. இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட இனிட் மெத்தடுக்குள் ‘செல்ஃப்.பாக்கிகள் = [ ]’ என்று எழுதுங்கள். இனிட் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போதும் ஓடும். ஒவ்வொருவருக்கும் தனி லிஸ்ட் கிடைக்கும். மொத்தத்தையும் அங்கேயே கொண்டுபோய் வையுங்கள், அது இப்போது சரியாக இருப்பது தற்செயல்தான். அல்லது மொத்தத்தைத் தனியாக வைத்துக்கொள்ளாமல், கேட்கும்போதெல்லாம் பாக்கிகளைக் கூட்டிச் சொல்லும் மெத்தடாகவே எழுதிவிடலாம். என் யோசனை அதுதான். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைத்தால் ஒருநாள் இரண்டும் வேறு வேறு கணக்கு சொல்லும்.

இனிட்டின் அடைப்புக்குறிக்குள் ‘பாக்கிகள்=[ ]’ என்று இயல்பு மதிப்பாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். அங்கேயும் இதே பள்ளம் இருக்கிறது. இயல்பு மதிப்பு, அந்த மெத்தடை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறை கணக்கிடப்படும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறக்காது. இதை நினைவில் வையுங்கள், மூன்றாவது கோளாறுக்கு மருந்தாகப் பயன்படப் போகிறது.

இரண்டாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பட்டனில் ‘கமாண்ட்=சேமி( )’ என்று அடைப்புக்குறியோடு எழுதியிருக்கிறீர்கள். லைன்மேனின் போன் நம்பரைச் சுவரில் எழுதி வைப்பது வேறு, இப்போதே போன் போட்டு அவரை வரவழைப்பது வேறு. அடைப்புக்குறி போட்டால் போன் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்: பட்டனை உருவாக்கும் நேரத்திலேயே சேமி ஓடி முடிந்துவிடும். அது திருப்பித் தரும் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை, கமாண்ட் ஆகிவிடும். பிறகு அழுத்தினால் நடக்கவேண்டியதும் ஒன்றுமில்லைதான். ‘கமாண்ட்=செல்ஃப்.சேமி’ என்று பெயரோடு நிறுத்துங்கள். இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு: என்ட்ரி பெட்டியை உருவாக்கிய அடுத்த வரியிலேயே அதன் கெட் மெத்தடைக் கூப்பிட்டு மதிப்பை வாங்கி வைத்துக்கொள்வது. அப்போது யாரும் எதையும் தட்டச்சு செய்திருக்கமாட்டார்கள். வெற்றுச் சரம்தான் கிடைக்கும். சேமிக்குள் போய்க் கெட் செய்யுங்கள். கிடைப்பது எழுத்து, எண் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். மாற்றாமல் கூட்டினால் 100-உம் 50-உம் சேர்ந்து 10050 ஆகிவிடும், அப்பா மகிழ்ந்தாலும் வாடிக்கையாளர் மகிழமாட்டார்.

லூப் விஷயத்தில் யாரோ உங்களுக்கு லாம்டா போடச் சொல்லியிருக்க வேண்டும், சரியாகத்தான் சொன்னார்கள், பாதியை விட்டுவிட்டார்கள். ‘லாம்டா: திற(வா)’ என்பது ‘வா’ என்ற மாறியின் மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அழுத்தும்போது ‘வா’ என்னவாக இருக்கிறதோ அதைப் போய்ப் பார்க்கிறது. நீங்கள் அழுத்தும் நேரத்துக்கு லூப் எப்போதோ முடிந்துபோய், ‘வா’ கடைசி வாடிக்கையாளரில் நின்றுகொண்டிருக்கும். ‘லாம்டா வா=வா: திற(வா)’ என்று மாற்றினால் தீர்ந்துவிடும். இயல்பு மதிப்பு வரையறுக்கும்போதே கணக்கிடப்படும் என்றேனே, சற்று முன் நம்மைக் கவிழ்த்த அதே விதி இங்கே அந்தந்தப் பெயரை அந்தந்தப் பட்டனோடு கட்டிவைக்கிறது.

ஆனால் நீங்கள் கிளாஸ் கற்க ஆரம்பித்தவர் என்பதால் இன்னொரு வழியைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். ‘கணக்குவரி’ என்று ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்கள். இனிட்டில் ஒரு வாடிக்கையாளரை வாங்கி ‘செல்ஃப்.வாடிக்கையாளர்’ என்று வைத்துக்கொள்ளட்டும். தன் பட்டனைத் தானே உருவாக்கி, கமாண்டுக்கு ‘செல்ஃப்.திற’ என்று கொடுக்கட்டும். லூப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குவரி. ‘செல்ஃப்.திற’ என்று கொடுக்கும்போது மெத்தடோடு சேர்ந்து அந்த ஆப்ஜெக்டும் போகிறது. எந்த வாடிக்கையாளர் என்ற கேள்விக்கே இடமில்லை. நாய் குரைக்கும், பூனை கத்தும் என்ற பாடப்புத்தக உதாரணங்களில் கிளாஸ் எதற்கு என்று விளங்காதவர்களுக்கு, இந்த மாதிரி ஒரு வரிசைப் பட்டன்களில் சட்டென்று விளங்கிவிடுகிறது.

அதில் வியப்பில்லை. கிளாஸ் என்ற ஏற்பாடு பிறந்தது நார்வேயில், ஆஸ்லோவின் நார்வே கணினி மையத்தில். ஓல் யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்காக உருவாக்கிய சிமுலா 67 மொழியில் அது வந்தது. ஆனால் ஆப்ஜெக்டும் விண்டோவும் ஒரே வீட்டில் வளர்ந்தது 1970-களில், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில், ஆலன் கேயும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில். அங்கே வந்து பணியாற்றிய நார்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்காக், 1979-இல் ஒரு யோசனையை எழுதிவைத்தார்: விவரத்தை வைத்திருக்கும் பகுதி வேறு, அதைத் திரையில் காட்டும் பகுதி வேறு, பயன்படுத்துபவரின் கட்டளையை வாங்கும் பகுதி வேறு. மாடல், வியூ, கண்ட்ரோலர் என்று இன்றைக்கும் பேசப்படுவது அதுதான். உங்களுக்கு மூன்று வேண்டாம், இரண்டே போதும்: வாடிக்கையாளர் கிளாஸுக்குள் டிகிண்டர் என்ற பேச்சே வரக்கூடாது, விண்டோ கிளாஸுக்குள் கூட்டல் கழித்தல் வரக்கூடாது. இதனால் என்ன லாபம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காவது, உறையும் விண்டோ. மெயின்லூப் என்று முடிவில் எழுதுகிறீர்கள் அல்லவா, அதன்பின் புரோகிராம் முழுக்க அந்தச் சுற்றின் கையில்தான். மவுஸ் நகர்ந்ததா, பட்டன் அழுந்தியதா, எதையாவது திரும்ப வரைய வேண்டுமா என்று அது சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். பட்டன் அழுந்தினால் உங்கள் சேமியை ஓடவிட்டு, அது முடியும்வரை வேறு எதையும் செய்யாது. நீங்கள் லேபிளில் ‘சேமித்தாயிற்று’ என்று எழுதினீர்கள். ஆனால் அதைத் திரையில் வரைய வேண்டியது மெயின்லூப். அதற்குள் ஸ்லீப் போட்டு ஐந்து நொடி பிடித்துவைத்தீர்கள். பிறகு லேபிளை வெறுமையாக்கினீர்கள். கட்டுப்பாடு திரும்பிப் போகும்போது வரைவதற்கு மிஞ்சியது வெற்று லேபிள்தான்.

ஸ்லீப்பை எடுத்துவிட்டு, ‘செல்ஃப்.ரூட்.ஆஃப்டர்(5000, செல்ஃப்.துடை)’ என்று எழுதுங்கள். கணக்கு மில்லி நொடியில், ஆகவே 5000. துடைக்குப் பின்னால் அடைப்புக்குறி கூடாது, காரணம் உங்களுக்கே இப்போது தெரியும். கடையில் உட்கார்ந்து பயன்படுத்தும்போது இன்னொன்று தலைகாட்டும்: ஐந்து நொடிக்குள் இரண்டாவது தடவை சேமித்தால், முதல் தடவை போட்ட ஆஃப்டர் வந்து இரண்டாவது செய்தியைப் பாதியில் துடைத்துவிடும். ஆஃப்டர் ஓர் அடையாளத்தைத் திருப்பித் தருகிறது. அதைச் செல்ஃபில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சேமிக்கும்போது ஆஃப்டர்_கேன்சல் மூலம் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

உதவி கேட்பது பற்றி. முழுப் புரோகிராமையும் அனுப்பினால் முழுப் புரோகிராம்தான் திரும்பி வரும்; அனுப்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை, முந்நூறு வரியில் பிழையைத் தேடுவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம். நீங்கள்தான் அதைக் குறைக்க வேண்டும். கோளாறு தெரியும்வரை மற்றதையெல்லாம் வெட்டுங்கள். வாடிக்கையாளர் கிளாஸையும் விண்டோவையும் பிரித்து வைத்தால் கிடைக்கும் லாபம் இங்கேதான். விண்டோவே இல்லாமல் இரண்டு வாடிக்கையாளர்களை உருவாக்கி, ஒருவருக்கு ஒரு பாக்கி எழுதி, மற்றவரின் பட்டியலைப் பிரிண்ட் செய்து பாருங்கள். அங்கேயே தவறு தெரிந்தால் பிழை கிளாஸில். அங்கே சரியென்றால் பிழை விண்டோவில். பத்து வரியில் அடங்கிவிடும் கேள்வியை யாரும் மாற்றி எழுத மாட்டார்கள், எந்த வரி என்று சுட்டிக்காட்டிவிடுவார்கள். பாதித் தடவை, வெட்டி முடிப்பதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதும் முன், புரோகிராமுடன் திறக்கும் கறுப்புத் திரையைப் பாருங்கள். பட்டனுக்குள் பிழை வந்தால் டிகிண்டர் புரோகிராமை நிறுத்தாது. ‘எக்ஸப்ஷன் இன் டிகிண்டர் கால்பேக்’ என்று தொடங்கி அந்தத் திரையில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். விண்டோஸில் கோப்பின் பெயர் ‘.பிஒய்டபிள்யூ’ என்று முடிந்தால் கறுப்புத் திரையே வராது, பிழைச் செய்தியும் கண்ணில் படாது. எழுதிப் பழகும் காலத்தில் ‘.பிஒய்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படியுங்கள்: கடைசி வரியில் என்ன பிழை, அதற்கு மேலே எந்த வரி. கேட்கும்போது அதை எழுத்தாகவே ஒட்டி அனுப்புங்கள். செல்போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் எதிரே இருப்பவரால் அதை ஓட்டிப் பார்க்க முடியாது. மறக்காமல் வாடிக்கையாளர்களின் நிஜப் பெயர்களையும் நம்பர்களையும் எடுத்துவிடுங்கள். யார் எவ்வளவு பாக்கி என்பது சின்ன ஊரில் மானப் பிரச்சினை.

வேறு கருவிக்குப் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பைக்யூட்டிக்குப் போனாலும் ஸ்லீப் போட்டால் விண்டோ உறையும். அங்கே ஆஃப்டருக்குப் பதில் க்யூடைமர். ஜாவா ஸ்விங்கிலும் நிகழ்வுகளைக் கவனிக்கும் ஒற்றை இழை உண்டு, அதைத் தடுத்தால் அங்கேயும் இதே கதை. டிகிண்டர், விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. உபுண்டுவில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். உங்கள் வேலைக்கு அது தாராளம். அடுத்து நீங்கள் கற்க வேண்டியது எஸ்கியூலைட்; அதற்கான மாட்யூலும் பைத்தானிலேயே இருக்கிறது. இப்போது விண்டோவை மூடினால் பாக்கிகள் மறைந்துவிடும் அல்லவா? பாக்கிகளை எஸ்கியூலைட்டில் எழுதிப் படிக்கும் மெத்தடுகளைப் பட்டனுக்குள் திணிக்காமல் வாடிக்கையாளர் பக்கமே வையுங்கள். அதுவரை அப்பா நோட்டிலும் எழுதிக்கொண்டே வரட்டும். மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், புரோகிராமில் மிச்சமிருக்கும் பிழைகள் தொகையாகவே தெரிந்துவிடும்.