இதயம் காக்கும் தட்டு: கொல்லிமலை விளைச்சலே போதும்

இதயத்துக்கு மத்தியதரைக்கடல் உணவு நல்லது என்று கேட்டதும், பலர் முதலில் ஆலிவ் எண்ணெயின் விலையை விசாரிக்கிறார்கள். அந்த உணவுமுறையின் பலம் ஒரே ஒரு பொருளில் இல்லை. தீட்டாத தானியம், பருப்பு, காய்கறி, பழம், கொட்டைகள், நல்ல எண்ணெய், மீன் ஆகியவை கூடுதலாகவும், இறைச்சியும் இனிப்பும் குறைவாகவும் இருக்கும் மொத்த ஒழுங்கே அதன் பலம்.

ஸ்பெயினில் இதயநோய் அபாயம் மிகுந்த 7,447 பேரிடம் நடந்த 'ப்ரெடிமெட்' ஆய்வு, 2018-இல் திருத்தப்பட்டு மீண்டும் வெளியானது. ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்து இம்முறையில் உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மொத்தத்தில் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. இந்த ஒழுங்கை நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் விளைபொருள்களைக் கொண்டே பெரும்பாலும் நம் வீட்டில் அமைக்கலாம்.

1. தானியத்தை மாற்றுங்கள். ஒரு வேளை வெள்ளைச் சோற்றுக்குப் பதில் சாமை, தினை அல்லது கேழ்வரகு. பளிச்சென்று வெளுத்த சாமை தவிடு நீக்கியது. பழுப்பு நிறம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டு வேகவையுங்கள்.

2. தினமும் பருப்போ பயறோ இருக்கட்டும். மொச்சை, அவரை, துவரை, கொள்ளு எதுவானாலும் சரி. இவற்றின் நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவும்.

3. தட்டில் பாதி காய்களும் கீரையும். சோறு கால் பங்கு, பருப்பு, பயறு அல்லது மீன் கால் பங்கு.

4. எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் நிறைவுறாக் கொழுப்பே அதிகம். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். வனஸ்பதி வேண்டாம், பொரித்த எண்ணெயை மறுபடி சுடவைக்காதீர்கள்.

5. நொறுக்குத் தீனியை மாற்றுங்கள். உப்பில்லாத வேர்க்கடலை ஒரு கைப்பிடி, மலைவாழை அல்லது அன்னாசி. சாறாக வேண்டாம், பழமாகவே உண்ணுங்கள்.

6. வாரம் இருமுறை மீன். மத்தி, அயிலை போன்றவற்றைக் குழம்பாக வையுங்கள், வறுக்க வேண்டாம்.

7. உப்பைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ளதும் அதில் அடக்கம். கொல்லிமலை மிளகின் காரம் அந்தக் குறையைத் தெரியாமல் செய்யும்.

சர்க்கரை நோயாளிகள் சிறுதானியத்தையும் பழத்தையும் அளவோடு உண்ண வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கீரை, பழ அளவை மருத்துவரிடம் கேட்டே மாற்றுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்படிச் சாமை வாங்குவதால் மலைக்கும் பயன் உண்டு. கொல்லிமலையில் சாமை விளைந்த நிலம் பலவற்றில் இன்று சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி நிற்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து மலையாளிப் பழங்குடி விவசாயிகளோடு சேர்ந்து சிறுதானியங்களை மீட்க உழைத்துவருகிறது. வாங்குவோர் இருந்தால்தான் விதைப்போர் இருப்பார்கள். அடுத்தமுறை கொல்லிமலைக்குப் போனால், விவசாயிகளிடமே இரண்டு கிலோ சாமை வாங்கி வாருங்கள்.