காந்தியின் குரலைக் கேட்போம்

காந்தியடிகளின் படத்தைப் பார்த்திருக்கிறோம். ரூபாய் நோட்டில் தினமும் பார்க்கிறோம். அவருடைய குரலைக் கேட்டிருக்கிறோமா?

அவர் இறந்தது 1948 சனவரி 30-இல். ஆனாலும் அவர் பேசியதை இன்றும் கேட்கலாம். எப்படி?

1947-இல் நாடு விடுதலை பெற்றது. அப்போதே இரண்டாகவும் பிரிந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீடு வாசலை இழந்தார்கள். உயிர் பிழைக்க ஓடி வந்தார்கள். டில்லிக்கு வடக்கே குருட்சேத்திரத்தில் அவர்களுக்குப் பெரிய முகாம் இருந்தது.

1947 நவம்பர் 12. அன்று தீபாவளி. முகாமில் இருந்தவர்களிடம் பேசக் காந்தி விரும்பினார். அங்கே போக முடியவில்லை. அதனால் டில்லி வானொலி நிலையத்துக்குப் போனார். அங்கிருந்து பேசினார். முகாமில் இருந்த மக்கள் வானொலி வழியாகக் கேட்டார்கள். அந்த நாளின் நினைவாக நவம்பர் 12 இப்போது பொதுச் சேவை ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்த மாதங்களில் டில்லியில் மாலைதோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடந்தது. அங்கும் காந்தி பேசினார். அந்தப் பேச்சுகளையும் வானொலிக்காரர்கள் பதிவு செய்தார்கள்.

இப்படிப் பதிவு செய்த பேச்சுகளைச் சேர்த்து வைக்கும் இடம் ஒலிக் காப்பகம். முன்பு அதைக் கேட்க நேரில் போக வேண்டும். இப்போது பல பேச்சுகள் இணையத்தில் உள்ளன. இன்டர்நெட் ஆர்கைவ் என்பது 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய இணைய நூலகம். காந்தியின் பிரார்த்தனைக் கூட்டப் பேச்சுகள் நூற்றுக்கு மேல் அதில் உள்ளன. அம்பேத்கர் 1955-இல் பி.பி.சி. வானொலிக்குக் கொடுத்த பேட்டியையும் இணையத்தில் கேட்கலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. செல்பேசியில் டேட்டா இருந்தால் போதும்.

"காதால் கேட்கத்தானே போகிறோம்? அதற்குப் படிப்பு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

படிப்பு வேண்டும். "காந்தி இப்படிச் சொன்னார், அம்பேத்கர் அப்படிச் சொன்னார்" என்று செல்பேசிக்குச் செய்திகள் வருகின்றன. சில உண்மை. சில பொய். நீண்ட பேச்சில் ஒரு துண்டை மட்டும் வெட்டி அனுப்புவதும் உண்டு. கணினியால் போலிக் குரலும் செய்கிறார்கள். அதனால் யார் பேசியது, எந்த நாளில், எந்த ஊரில் என்று பாருங்கள். காப்பகத்தில் இந்த விவரங்களை எழுதி வைக்கிறார்கள். அவை எழுதப்படாத பேச்சை உடனே நம்ப வேண்டாம். பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லுங்கள். ஆனால் ஆண்டையும் தேதியையும் நீங்களே படியுங்கள். எண்கள் உங்களுக்குத் தெரியும்.

காந்தி அந்தக் கூட்டங்களில் இந்துஸ்தானியில் பேசினார். நமக்கு அது புரியாமல் இருக்கலாம். அவருடைய எழுத்தும் பேச்சும் தமிழில் நூல்களாக வந்துள்ளன. நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு குரலைக் கேளுங்கள். அவர் உரக்கப் பேசவில்லை, மெல்லப் பேசினார் என்பது அப்போது தெரியும்.

பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று இனி யாரோ நமக்குச் சொல்ல வேண்டாம். நாமே கேட்போம். நாமே படிப்போம்.

விடை சொல்லுங்கள்

1. 1947 நவம்பர் 12-இல் காந்தி எங்கே போனார்? ஏன்?
2. ஒலிக் காப்பகம் என்றால் என்ன?
3. செல்பேசியில் வரும் பேச்சை நம்பும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?
4. உங்கள் ஊரில் யாருடைய பேச்சைப் பதிவு செய்து வைக்கலாம்? கூடிப் பேசுங்கள்.