ஒரே வீட்டில் நான்கு கட்சி

கேள்வி: திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் மாமனார், மாமியாரோடு இருக்கிறோம். மாமனாருக்கு 79 வயது. மதுரையில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே தி.மு.க. என் கணவருக்கு 50. எம்.ஜி.ஆர். என்றால் உயிர், இரட்டை இலையைத் தவிர வேறு எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. கொழுந்தனார் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறார், அவர் பா.ஜ.க. கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கோ விஜய் கட்சி. போன தீபாவளிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது டி.வி.யில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு முற்றி, கொழுந்தனார் தன் அப்பாவையே "இருநூறு ரூபாய் உ.பி." என்றார். மாமனார் பதிலுக்கு "சங்கி" என்றார். குறுக்கே பேசிய என் மகனை இரண்டு பேருமாகச் சேர்ந்து "தற்குறி" என்றார்கள். மாமனார் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு கொழுந்தனார் அவருக்குப் போன் செய்வதே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் சண்டை ஓயாமல் நடக்கிறது. பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்கள். வீட்டுக்குள் யாரும் அரசியலே பேசக்கூடாது என்று சொல்லிவிடலாமா? ஒவ்வொரு முறையும் சமாதானம் செய்து செய்து எனக்கு அலுத்துவிட்டது.
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அப்படிச் சொல்லாதீர்கள். சொன்னாலும் அது அரை நாள்கூட நிற்காது. நம் ஊரில் சட்டமன்றத் தேர்தலானாலும் நாடாளுமன்றத் தேர்தலானாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறது. 2011, 2014, 2016, 2019, 2021, 2024 எல்லாமே அப்படித்தான். யாரோடு யார் கூட்டணி என்று ஊரே பேசும் நேரத்தில்தான் பொங்கலும் வரும். பொங்கலே அரசியலுக்குள் போய்வந்த பண்டிகைதானே! தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் கருணாநிதி ஆட்சி சட்டம் கொண்டுவந்தது. 2011-ல் ஜெயலலிதா ஆட்சி அதை ரத்து செய்து மறுபடி சித்திரைக்கு மாற்றியது. உங்கள் மாமனார் குரூப்பில் "புத்தாண்டு வாழ்த்து" என்று போட்டால் அதற்கே ஒரு சண்டை வரலாம். அப்படிப் போட்டால் "உங்களுக்கும் வாழ்த்துகள் அப்பா" என்று கொழுந்தனாரைப் பதில் போடச் சொல்லுங்கள். சித்திரையில் கொழுந்தனார் வாழ்த்து போடும்போது மாமனாரும் அதையே செய்யட்டும்.

வீட்டில் அரசியல் பேசுவது கெட்ட பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. நான்கு தலைமுறையாக இங்கே சாதாரண ஜனங்கள் நாட்டு நடப்பைத் தெரிந்துகொண்டது திண்ணையிலும் டீக்கடையிலும் பேசித்தான். உங்கள் மகன் தாத்தாவோடு வாதம் செய்ய வேண்டும், அப்பாவோடும் செய்ய வேண்டும். அதைத் தடுத்தால் கைப்பேசியில் முகம் தெரியாதவர்களோடு மட்டும்தான் வாதம் செய்வான்.

தீபாவளியன்று உங்கள் வீட்டில் விழுந்த மூன்று சொற்களைப் பாருங்கள். எதிலாவது விலைவாசி இருக்கிறதா, வேலை இருக்கிறதா, எந்தத் திட்டத்தைப் பற்றியாவது ஒரு கருத்து இருக்கிறதா? "நீ காசுக்கு விலைபோனவன்", "நீ வெறி பிடித்தவன்", "உனக்கு அறிவில்லை" என்பதுதான் அவற்றின் பொருள். கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் இழிவுபடுத்த இணையத்தில் எறிகிற சொற்களைப் பெற்ற மகன் தகப்பன் மேல் எறிந்திருக்கிறார். தகப்பனும் மகன் மேல் எறிந்திருக்கிறார். உங்கள் மாமனார் இலையை விட்டு எழுந்தது கட்சிக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அறுபது வருடமாக நம்பிய ஒன்றை இருநூறு ரூபாய்க்கு விற்றதாகச் சொன்னது பெற்ற பிள்ளை. அதை அவரால் தாங்க முடியவில்லை. ஆகவே வீட்டில் தடை போட வேண்டியது இந்தச் சொற்களுக்குத்தான். வயதில் மூத்தவர் என்பதற்காக மாமனாருக்கு இதில் விலக்கு கிடையாது. உங்கள் மகன் எல்லோருக்கும் இளையவன், வாங்கிய சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியாதவன். அவனுக்கும் வலித்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் டி.வி. வேண்டாம். 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த சில வாரங்களில் வந்த நன்றி தெரிவிக்கும் நாளை கீத் சென், ரைன் ரோலா என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கைப்பேசி இருப்பிடத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். எதிரெதிர்க் கட்சி ஊர்க்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்த விருந்துகள் அரை மணியிலிருந்து ஐம்பது நிமிடம்வரை சீக்கிரம் முடிந்துபோயிருந்தன. அரசியல் விளம்பரம் அதிகமாகக் கொட்டப்பட்ட ஊர்களில் இன்னும் சீக்கிரம் முடிந்தன. வெளியிலிருந்து வந்து விழுவது எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் உறவுக்காரர்கள் எழுந்து போகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி வந்து விழுவது விவாத நிகழ்ச்சியும் ஃபார்வர்டு செய்திகளும். குரூப்பில் குடும்பப் படங்களும் பயண விவரமும் மட்டும் போதும் என்று மாமியார் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடட்டும். அவர் குரலுக்கு நான்கு கட்சியும் கட்டுப்படும் என்று நம்புகிறேன்.

பிறகு அரசியலுக்கென்று ஒரு பொழுதை ஒதுக்குங்கள். காணும் பொங்கலன்று பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவீர்கள் அல்லவா, அன்று மாலை நல்ல பொழுது. "உங்கள் கட்சி என்ன கிழித்தது?" என்று யாரும் தொடங்க வேண்டாம். "நீங்கள் எப்படி இந்தக் கட்சிக்கு வந்தீர்கள்?" என்று கேட்கட்டும், முதலில் பேரன் தாத்தாவிடம். 1965 ஜனவரி 25 அன்று, பொங்கல் முடிந்த கையோடு, இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது மதுரையில்தான். அப்போது உங்கள் மாமனாருக்குப் பதினெட்டு வயது இருக்கும். அந்தப் போராட்டத்தில் இருந்தாரா, வேடிக்கை பார்த்தாரா, ஹாஸ்டல் அறைக்குள் பயந்துகொண்டிருந்தாரா? பேரனுக்கு இன்று ஏறக்குறைய அதே வயது. அவனுடையது 2024-ல் தொடங்கிய கட்சி, அவன் கண்ணெதிரே பிறந்த கட்சி. தாத்தாவுக்கு அன்று இருந்த வேகம்தான் இவனுக்கும் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் அப்போது புரியலாம்.

உங்கள் கணவரிடமும் கேளுங்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அவர் தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பார். அந்தத் தட்டில் சாப்பிட்டவரா, பக்கத்தில் சாப்பிட்டவர்களைப் பார்த்தவரா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் உங்களிடமாவது சொல்லியிருக்கிறாரா? கொழுந்தனாரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது கட்சியின் பெயர் மட்டும்தான். மற்ற மூவரும் போகாத வழியில் அவர் ஏன் போனார் என்று வீட்டில் யாரும் பொறுமையாகக் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்பது ஒப்புக்கொள்வதாகிவிடாது. யாரும் கட்சி மாறப் போவதும் இல்லை, மாற வேண்டியதும் இல்லை. தன் கதையைச் சொல்லி முடித்தவருக்கு அடுத்தவர் கதையைக் கேட்கிற பொறுமை வந்துவிடுவதை என் ஆலோசனை அறையில் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேச்சு யாருடைய சாதியை இழுத்தாலும், மதத்தை இழுத்தாலும், வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு சொல் விழுந்தாலும் அது அரசியல் கருத்து அல்ல. அந்த இடத்தில் "பண்டிகை நாளில் எதற்கு" என்று மழுப்ப வேண்டாம். "இந்த வீட்டில் இப்படிப் பேச வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான்கு பேருடைய கட்சியும் இருக்கிறது, உங்களுடையது இல்லை. சொல்ல விருப்பம் இருந்தால் அன்று மாலை நீங்களும் உட்கார்ந்து சொல்லுங்கள். இல்லையென்றால் வேண்டாம், ஓட்டு ரகசியம்தான். ஆனால் எல்லோரும் பேசி முடிக்கும்வரை அடுப்படியில் நின்றுகொண்டு, கடைசியில் வந்து சமாதானம் செய்கிற வேலையை இந்தப் பொங்கலோடு விட்டுவிடுங்கள். இது அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் உள்ள விஷயம். உங்கள் கணவர் பார்க்கட்டும். கொழுந்தனார் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் போன் போட்டு, கட்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "அப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்டா, அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா" என்று சொல்லட்டும். மாமனார் போனை எடுக்காவிட்டால், கொழுந்தனார் மாமியார் நம்பருக்குப் போடட்டும்.