வில்லியம் மார்ஷலின் தடம் தேடி...

1219இல் மறைந்த இங்கிலாந்துப் பிரபு வில்லியம் மார்ஷல் போன ஊர்களுக்கெல்லாம் போக ஆசையா? இப்படித் திட்டமிடுங்கள்:

• முதலில் நாள், ஊர், ஆதாரம் என அட்டவணை போடுங்கள். 1199இலிருந்து கிடைக்கும் அரச சாசனச் சுருள்களில் சாட்சிகளின் பெயரோடு ஊரும் நாளும் இருக்கும். அச்சான பதிப்புகளை வீட்டிலேயே படித்துவிடுங்கள்.

• சாட்சிப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் அங்கே இருந்தார் என்று முடிவுகட்டாதீர்கள். இன்னொரு சான்றோடு ஒப்பிடுங்கள்.

• லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மூல ஆவணங்களைப் பார்க்க வாசகர் அட்டை தேவை. ஆவணங்களை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனாவுக்கு அனுமதியில்லை.

• ஊர்களை வட்டாரவாரியாகப் பிரியுங்கள். வேல்ஸில் செப்ஸ்டோ, பெம்புரோக் கோட்டைகள்; அயர்லாந்தில் கில்கென்னி, ஹூக் கலங்கரை விளக்கம்; லண்டனில் அவர் அடக்கமான டெம்பிள் தேவாலயம்.

• செப்ஸ்டோவில் 12ஆம் நூற்றாண்டு மரக்கதவுகளைத் தவறவிடாதீர்கள்.