பயந்தால் பக்தி குறைவா?

கேள்வி: என் மகன் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறான். பத்து நிமிடம் தாமதமானாலும் நெஞ்சு படபடக்கிறது. தினமும் முருகனைக் கும்பிட்டும் இப்படிப் பயப்படுகிறேனே, என் பக்தியில் குறையா?
– வாசகி, கடலூர்

பதில்: குறையே இல்லை, அம்மா. பெற்ற மனம் பதறத்தான் செய்யும். தேவராய சுவாமிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைக் கவனியுங்கள். உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி, வேலின் காவலை வேண்டுகிறது. பேய், பாம்பு, தேள், நோய் என்று நம்மை நடுங்க வைப்பவற்றை மறைக்காமல் அடுக்குகிறது. பயத்தை அப்படியே இறைவனிடம் ஒப்படைப்பதும் வழிபாடுதான்.

உங்கள் ஊர் திருப்பாதிரிப்புலியூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய தலம் அது என்கிறது பெரியபுராணம். நடுக்கடலிலும் அவர் ஐந்தெழுத்தை விடவில்லை. நம்பியவருக்கும் ஆபத்து வரும். ஆனால் அதில் அவர் தனியாக இல்லை.

மகன் வரும்வரை கவசம் சொல்லுங்கள். கிளம்பும்போது ஹெல்மெட்டைக் கையில் கொடுங்கள்; அவன் வண்டி ஓட்டும் நேரத்தில் போன் செய்யாதீர்கள். உங்களால் ஆனதைச் செய்துவிட்டு மற்றதை முருகனிடம் விடுங்கள். அவன் பார்த்துக்கொள்வான்.