ஏழைகளின் போர்ஷே

கொழும்பில் அண்ணன் 2001ஆம் ஆண்டு போர்ஷே பொக்ஸ்டர் ஒன்றுக்கு விலை பேசுகிறார். "அது ஏழைகளின் போர்ஷே" என்று கூட்டாளிமார் கேலி செய்கிறார்கள். எங்கள் மலைப் பாதைக்கு ஒத்துவருமா?
— வாசகர், தலவாக்கலை

போர்ஷே வாங்குகிற ஏழையைப் பார்க்க எனக்கும் ஆசைதான், தம்பி! 1996இல் வந்து, தடுமாறிக்கொண்டிருந்த கம்பனியைத் தூக்கி நிறுத்தியதே இந்த வண்டிதான். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின்சில்லுக்கு முன்னால் இருப்பதால் பாரம் நடுவில் நிற்கும். ரதல்லைப் பக்கத்து வளைவுகளில் சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பும். வளைவுக்கு போர்ஷே 911ஐவிட இதுவே மேல் என்போர் உண்டு. நானும் அந்தக் கட்சி.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: எஞ்சினுக்குள் இடைத்தண்டைத் தாங்கும் பெயாரிங். அது உடைந்தால் எஞ்சினே போச்சு. மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்கலாம் என்றால், முன்னாலும் டிக்கி, பின்னாலும் டிக்கி! மடிக்கும் துணிக்கூரையின் பின்கண்ணாடியும் பிளாஸ்டிக்; மங்கியிருக்கும், மடிப்பில் வெடித்திருக்கும். கூரைத் தண்ணீர் வடியும் துளைகளில் இலை அடைத்தால் உங்கள் ஊர் மழை உள்ளேயே இறங்கும்.

லயத்துக்குப் போகும் கல்ரோட்டில் அடி உரசும். அண்ணன் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்தே வரட்டும்.